விசில் யார் கையிலே?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கடற்கரைக் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது. பேசியபடியே, சிறிது திருத்தி எழுதப்பட்டுள்ளது.)

கைப்பிள்ளையோட வந்தவங்க பின்னாலே வேப்பமரத்து நிழல்லே நிக்கிறீங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுறேன். கேக்கலைன்னா கையைத் தூக்குங்க.

எனக்கு முன்னாலே பேசினவங்க எல்லாம் கடன், திருப்பிச் செலுத்தினது, கருவாட்டுக்கு மின் தராசு வாங்கினது பத்தி நல்லாப் பேசினாங்க. என்னை மட்டும் "கோடையிலே கடற்கரைக் குடும்பம் எப்படி இருக்கும், பிள்ளைகளை எப்படி வச்சுச் சமாளிக்கிறீங்க, அதைச் சொல்லு" என்று தலைவி அக்கா சொல்லிட்டாங்க. அதுலே என்ன இருக்குன்னு முதல்லே நினைச்சேன். வீட்டுக்குப் போய் ராத்திரி படுத்து யோசிச்சா, இத்தனை வருஷம் குழுவிலே வாய் திறந்து சொல்லாத ஒண்ணு இருக்கு. எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். மத்த ஊர்க்காரங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு அதைச் சொல்லிடுறேன்.

பனங்காட்டுப் பக்கம், கரிசல் பக்கம் இருந்து வந்திருக்கிற அக்காமாருக்காக முதல்லே எங்க கோடையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

எங்க ஊர் ராமநாதபுரம் மாவட்டம், பாம்பனுக்குப் பக்கத்திலே வடகடல் ஓரம். உங்களுக்குச் சித்திரை வைகாசின்னா வெயில். எங்களுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 தேதியிலிருந்து ஜூன் 14 தேதி வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம். முன்னாலே 45 நாளா இருந்தது, பிறகு 61 ஆச்சு. வள்ளம், வத்தை, நாட்டுப்படகு போகலாம். எங்க வீட்டுக்காரர் விசைப்படகிலே கூலிக்குப் போறவர். படகு ஓடினாப் பங்கு, ஓடலைன்னா ஒண்ணுமில்லை. படகு முதலாளிகிட்டே முன்பணம் கேட்கலாம். அது அப்புறம் பங்கிலேதான் கழியும். அரசாங்கம் தடைக்கால நிவாரணம் கொடுக்குது, இப்போ குடும்பத்துக்கு 8,000 ரூபாய். நான் சொல்லப்போற வருஷத்திலே அது 5,000.

அந்த 61 நாளுக்குள்ளேதான் பள்ளிக்கூட லீவும் வந்து விழுது. மத்த பத்து மாசமும் அப்பா முகத்தைப் பிள்ளைங்க தூக்கக் கலக்கத்திலேதான் பாக்கும். இந்த ரெண்டு மாசம் அப்பாவும் வீட்டிலே, பிள்ளைகளும் வீட்டிலே. காசு மட்டும்தான் வீட்டிலே இல்லை. வெளியூர்க்காரங்க "உங்களுக்கு ரெண்டு மாசம் லீவாமே"ன்னு கேக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆம்பிளைக்கு லீவு, பிள்ளைக்கு லீவு, அடுப்புக்கும் எனக்கும் எந்த நாட்டிலே லீவு விட்டாங்க?

காலையிலே நாலு மணிக்கே எந்திரிச்சுருவோம். காவிரித் தண்ணி குழாயிலே வர்ற நாள் நல்ல நாள். வராத நாள் ஊத்துக்குப் போகணும். மணல்லே பள்ளம் பறிச்சு, ஊறி வர்ற தண்ணியைச் சிரட்டையாலே மெல்லக் கோதிக் கோதிக் குடத்திலே ஊத்தணும். அவசரப்பட்டு ஆழமாப் பறிச்சா உப்புத் தண்ணி ஏறிடும். மழைத் தண்ணி மணலுக்குள்ளே இறங்கி, கனமான உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிசா நிக்குது, அவ்வளவுதான். கோடையிலே அது இன்னும் மெல்லிசா ஆயிடும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். வரிசையிலே எனக்கு முன்னாலே நாலு பேர் இருந்தா விடிஞ்சே போயிடும்.

இந்தத் தண்ணிக் கணக்குக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய சண்டை உண்டு. கடல்லே குளிச்சிட்டு வந்தா உடம்பெல்லாம் உப்புப் பூக்கும். நல்ல தண்ணியிலே கழுவாம விட்டா ராத்திரி அரிக்குது, சொறியுது, வேர்க்குரு மேலே உப்புப் பட்டு எரியுதுன்னு அழும். ரெண்டு பிள்ளைக்கும் ஆளுக்கு ரெண்டு செம்பு. ஒரு நாளைக்கு மூணு தரம் கடல்லே விழுந்து எந்திரிச்சா எத்தனை செம்பு? அதனாலே எங்க ஊர் அம்மாமார் கோடையிலே பிள்ளைகளைத் திட்டுறதிலே பாதி தண்ணிக்காகத்தான். "கடல்லே இறங்குனே, காலை ஒடிச்சிருவேன்"னு நாங்க சொன்னா, அது பிள்ளை முங்கிடுமோங்கிற பயத்திலே சொன்னது இல்லை. ஒரு குடம் தண்ணி போயிடுமேன்னு சொன்னது. இதை நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு. ஆனா உண்மை.

தண்ணி வந்ததும் கரைக்குப் போகணும். தடைக்காலத்திலே நாட்டுப்படகிலே வர்ற மீன்தான். கொஞ்சம்தான் வரும், விலை ஏறிக் கிடக்கும். நெத்திலி, சூடை, காரல் எது கிடைச்சாலும் ரெண்டு மூணு பேர் சேர்ந்து எடுப்போம். கழுவி, உப்புப் போட்டு, பழைய வலையைக் கம்பு மேலே கட்டி அதிலே பரப்பிக் காயவைப்போம். முன்னாலே மணல்லேதான் கொட்டுவோம். வலை மேலே காயவச்சா அடியிலேயும் காத்துப் போகும், மண் ஒட்டாது, விலையும் கூடக் கிடைக்கும். அது குழுப் பயிற்சியிலே கத்துக்கிட்டதுதான். கோடை வெயிலுக்கு நெத்திலி ரெண்டு நாள்லே சலசலன்னு காஞ்சிரும். வெயில் எங்களுக்குச் சம்பளமும் கொடுக்குது, பிள்ளைகளை வாட்டவும் செய்யுது.

பிள்ளைகளுக்கு அது எதுவும் கணக்கில்லை. விடிஞ்சதும் பழைய சோத்திலே உப்புப் போட்டுக் கரைச்சுக் குடிச்சிட்டு ஓடிடும். நுங்கு சீவிப் போட்ட குடுக்கை ரெண்டை எடுத்துக் குச்சியிலே கோத்து, கவைக்குச்சி வச்சுத் தள்ளிக்கிட்டு நுங்கு வண்டி ஓட்டும். என் மகன் அதுலே பிளாஸ்டிக் பாட்டில் மூடியை விளக்கு மாதிரி ஒட்டவச்சு "விசைவண்டி"ன்னு பேர் வச்சான். பத்து மணிக்கெல்லாம் மணல் சுட ஆரம்பிச்சுடும். செருப்புப் போடச் சொன்னாக் கேக்காது. ஒரு நிழல்லே இருந்து அடுத்த நிழலுக்குத் தவ்வித் தவ்வி ஓடும். படகு நிழல், ஓலைக் கொட்டகை நிழல், பூவரசமர நிழல். இதிலே எங்கே நின்னாலும் அடுத்து இருக்கிறது கடல்தான். சுடுகிற காலுக்கு அதைவிடக் கிட்டே ஒண்ணும் கிடையாது.

இனி அந்த நாளுக்கு வர்றேன்.

ஏழு வருஷம் ஆச்சு. மகனுக்கு அப்போ ஏழு வயசு, மகளுக்கு நாலு. கத்திரி முடியப் போற சமயம். கச்சான் அப்பத்தான் பிடிச்சிருந்தது. கச்சான்னா என்னன்னு உள்ளூர் அக்காமாருக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். தென்மேற்கே இருந்து வர்ற காத்து. தென்கடல் பக்கம் அலை நுரை தள்ளிக்கிட்டு ஏறும், அதைப் பாத்தாலே பிள்ளைகளுக்குப் பயம் வரும். எங்க வடகடல் பக்கம் அதே நேரத்திலே குளம் மாதிரி கிடக்கும். பெண் கடல்னுதான் சொல்வாங்க. ஏன்னா எங்களுக்குக் காத்து முதுகுப் பக்கம் இருந்து, ஊருக்குள்ளே இருந்து கடலைப் பாத்து அடிக்குது. கரையிலே அலையே இருக்காது. அதனாலே எல்லாரும் நிம்மதியா இருப்போம். ஆனா அந்தக் காத்து எதையும் கரைக்குக் கொண்டு வராது. எடுத்துக்கிட்டுத்தான் போகும்.

அன்னிக்கு மத்தியானம் ரெண்டரை மணிக்கு எங்களுக்குக் குழுக் கூட்டம். சமுதாயக் கூடத்திலே நடக்கும். நான் அப்போ ஊக்குநர். சேமிப்புப் பணம், கணக்குப் புத்தகம் எல்லாம் என் பையிலே. சாப்பாடு கொடுத்து, ரெண்டையும் பாயிலே படுக்கவச்சு, மாமியாகிட்டே சொல்லிட்டுப் போனேன். மாமியா அடுப்படியிலே படுத்திருந்தாங்க. சொன்னது அவங்க காதிலே விழுந்ததா, கனவிலே விழுந்ததா, தெரியலை.

எங்க வீட்டுக்காரர் கரையிலே, வலைக் கொட்டகையிலே இருந்தார். தடைக்காலத்திலே ஆம்பிளைங்க அங்கேதான் இருப்பாங்க. கிழிஞ்ச வலை பின்னுறது, கயிறு திருத்துறது, மீதி நேரம் சீட்டு, தூக்கம். அன்னிக்கு அந்தக் கொட்டகையிலே பதினோரு பேர். பக்கத்துப் படகு நிழல்லே நாலு பேர். கருவாட்டைப் புரட்டிப் போட வந்த பொம்பளைங்க ரெண்டு பேர். எல்லாம் சேர்த்துப் பதினேழு பெரியவங்க. இதை நான் அப்புறம் உக்காந்து ஒவ்வொருத்தரா எண்ணிப் பாத்தேன். எத்தனை ராத்திரி எண்ணினேன்னு எனக்குத்தான் தெரியும்.

பிள்ளைங்க ரெண்டும் எந்திரிச்சுக் கரைக்கு வந்திருக்கு. கொட்டகைக்குள்ளே வந்து அப்பாகிட்டே ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கு. அவர் கொடுத்திருக்கார். "வெயில்லே போகாதீங்க"ன்னு சொல்லியும் இருக்கார். அப்புறம் கையிலே இருந்த வலைக் கண்ணுக்குத் திரும்பிட்டார். கரையோரம் ஒரு தெர்மாகோல் மிதவை கிடந்திருக்கு. பழசு, ஒரு ஆள் உக்காந்து தூண்டில் போடப் போறது, சாக்குத் துணி சுத்திக் கட்டினது. பிள்ளைங்க அதைத் தள்ளி முழங்கால் தண்ணியிலே விட்டு மேலே ஏறியிருக்கு. அடியிலே மணல் தட்டுற வரைக்கும் சரி. ரெண்டு மூணு அடி தள்ளிப் போனதும் கச்சான் அதைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. கத்தியிருக்கான். முதுகுக் காத்திலே கத்தினா அந்தச் சத்தமும் கடலுக்குத்தான் போகும், கரைக்கு வராது.

பதினேழு பேரும் கடலைப் பாக்கத்தான் உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் கண்ணிலேயும் படலை. படாம இல்லை. ரெண்டு மூணு பேர் பாத்திருக்காங்க. "பிள்ளைங்க விளையாடுது, அவங்க அப்பன் இங்கேதானே இருக்கான்"னு நினைச்சிருக்காங்க. அவங்க அப்பன், "இத்தனை பேர் இருக்காங்களே"ன்னு இருந்திருக்கார்.

கடைசியிலே பாத்தது யார் தெரியுமா? எங்க ஊர் அப்பத்தா ஒருத்தங்க. ஒரு கண்ணு புரை. ஊத்திலே இருந்து குடத்தோட வந்தவங்க நின்னு, "ஏலே, அங்கே கறுப்பா என்னடா மிதக்குது?"ன்னு கேட்டிருக்காங்க. ஒருத்தன் "ஏதாவது கேனா இருக்கும் அப்பத்தா"ன்னிருக்கான். "கேன் கையை ஆட்டுமாடா?"ன்னு அவங்க குடத்தைக் கீழே போட்டுட்டாங்க. அந்தக் குடம் போட்ட சத்தத்திலேதான் கொட்டகை எந்திரிச்சது.

எங்க கொழுந்தனும் இன்னொரு பையனும் வத்தையைத் தள்ளிக்கிட்டுப் போய்க் கூட்டி வந்தாங்க. நான் ஓடி வந்தப்போ வத்தை திரும்பிக்கிட்டு இருந்தது. கணக்குப் புத்தகம் கக்கத்திலேயே இருந்தது, அதை யார் வாங்கினாங்கன்னு இன்னும் தெரியாது. மகன் என்ன செஞ்சிருக்கான்னா, தங்கச்சியைக் குப்புறப் படுக்கப் போட்டு, அவ எந்திரிக்காம இருக்க அவ கால் மேலே உக்காந்திருக்கான். ரெண்டு கையாலேயும் சாக்கைப் பிடிச்சுக்கிட்டிருந்த இடத்திலே விரல்லே தோல் உரிஞ்சிருந்தது. முதுகெல்லாம் வெந்து சிவந்திருந்தது. எங்க கடல் ஆழம் குறைச்சல்தான், கம்பு ஊன்றலாம். ஆனா நாலு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு ஆழம் வேணும்? சின்னவளுக்கு ஒண்ணும் புரியலை. "அம்மா, நாங்க படகு ஓட்டுனோம்"ன்னா. அப்புறம்தான் தண்ணி கேட்டா.

அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அழுகை. மறுநாள்தான் பேச்சு ஆரம்பிச்சது.

"குழு குழுன்னு அலைஞ்சா, பிள்ளையைக் கடலுக்குக் கொடுக்கப் பாத்தா." குழாயடியிலே இதைத்தான் சொன்னாங்க. மாமியா சொன்னாங்க, எங்க அம்மா வந்து அவங்களும் சொன்னாங்க. "நீ எங்கடி போனே? நீ எங்கடி போனே?" எல்லாரும் கேட்டது இந்த ஒரே கேள்விதான். நானும் என்னையே அதைத்தான் கேட்டுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை. மகனை மட்டும் ரெண்டு அடி அடிச்சார். அந்த அடியை இன்னும் என்னாலே மறக்க முடியலை. தங்கச்சி கால் மேலே உக்காந்து அவளைக் காப்பாத்தினவன் அவன்.

அடுத்த வாரம் கணக்குப் புத்தகத்தைத் தலைவிகிட்டே கொடுத்துவிட்டுட்டு, "நான் வரலை"ன்னு சொல்லிட்டேன். மூணு மாசம் போகலை. சேமிப்பை மட்டும் மகன்கிட்டே கொடுத்துவிடுவேன். என் கடன் பாக்கி 6,000 இருந்தது, அதையும் எப்படியோ கட்டினேன். கருவாட்டுக்கும் போகலை. வாசல்லேயே உக்காந்து ரெண்டு பிள்ளையையும் பாத்துக்கிட்டே இருந்தேன். பிள்ளைகளுக்கும் மூச்சு முட்டிருச்சு, எனக்கும் முட்டிருச்சு. கையிலே பத்து ரூபாய் இல்லாம, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கக்கூட வீட்டுக்காரர் சட்டைப்பையைத் தேடின நாள் அது. (அது ஆரம்ப சுகாதார நிலையத்திலே சும்மாவே கொடுக்கிறாங்கன்னு அப்போ எனக்குத் தெரியாது.)

ஒரு நாள் சாயந்தரம் எங்க குழுப் பெண்கள் ஏழு எட்டு பேர் வீட்டுக்கு வந்துட்டாங்க. சமாதானம் சொல்வாங்கன்னு நினைச்சேன். வந்தவங்க எங்க வாசல்லேயே பாய் விரிச்சு, தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, கூட்டத்தை ஆரம்பிச்சுட்டாங்க. "ஊக்குநர் வராட்டி, கூட்டம் ஊக்குநர் வீட்டுக்கு வரும்"ன்னு எங்க தலைவி சொன்னாங்க. எங்க மாமியா உள்ளே இருந்து, "இங்கேயும் வந்துட்டீங்களா?"ன்னு கத்தினாங்க. அப்போ அந்த அப்பத்தா, குடம் போட்டாங்களே அவங்க, திண்ணையிலே உக்காந்திருந்தவங்க, மாமியாவைப் பாத்துக் கேட்டாங்க: "இவ எங்கே போனான்னு மூணு மாசமாக் கேக்குற. உன் மகன் அன்னிக்கு எங்கே இருந்தான்னு ஒரு நாள் கேட்டியா?"

யாரும் பேசலை. எங்க வீட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார். வெளியே வந்து நின்னார். "நான் முப்பது அடி தூரத்திலே இருந்தேன்"ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை. செருப்பை மாட்டிக்கிட்டுக் கரைப்பக்கம் போயிட்டார். கல்யாணமாகி எட்டு வருஷத்திலே அவர் தன் தப்பை வாய் திறந்து சொன்னது அன்னிக்குத்தான்.

அன்னிக்கு அந்தப் பாயிலே உக்காந்துதான் நாங்க பேசினோம். பிள்ளையை யார் பாக்கலைன்னு பேசலை. எல்லாரும் இருந்தும் ஏன் பாக்கலைன்னு பேசினோம். ஒரு பாட்டி மட்டும் இருந்திருந்தா அவங்க கண்ணு பிள்ளை மேலேயே இருந்திருக்கும். பதினேழு பேர் இருந்ததாலே ஒருத்தர் கண்ணும் இல்லை. அப்போ ஒரு நேரத்துக்கு ஒருத்தர்னு பேர் சொல்லி வைக்கணும். சரி, இப்போ யாருன்னு பிள்ளைகளுக்கும் மத்தவங்களுக்கும் எப்படித் தெரியும்? அங்கேதான் விசில் வந்தது. எங்க தங்கச்சி ஒருத்தி, பள்ளிக்கூடத்திலே பி.டி. சார் விசில் ஊதினா எல்லாப் பிள்ளையும் திரும்பிப் பாக்கும்ல, அதுமாதிரி ஒண்ணு வாங்கலாம்னா. பெட்டிக்கடையிலே 20 ரூபாய். குழுச் செலவிலே எழுதினோம். அந்த வருஷம் தணிக்கைக்கு வந்தவர் "விசில் 1, ரூ.20. இது என்ன செலவு?"ன்னு கேட்டு, பேனாவைக் கீழே வச்சிட்டு முழுக் கதையும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த தடைக்காலத்திலே ஆரம்பிச்சோம். காலை ஒன்பதிலிருந்து சாயந்தரம் ஐந்து வரைக்கும், வலைக் கொட்டகை நிழல். ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர். கழுத்திலே விசில். விசில் இருக்கிற கையிலே வலை இருக்கக் கூடாது, கருவாடு இருக்கக் கூடாது, போன் இருக்கவே கூடாது. மணி முடிஞ்சா அடுத்தவங்க கழுத்திலே போட்டுவிட்டுட்டுத்தான் போகணும். "அங்கே வச்சிருக்கேன், எடுத்துக்க"ன்னு சொல்லக் கூடாது. ஒன்பது வயசுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளையும் கணக்கு. மாறும்போது தலை எண்ணணும்.

எல்லாம் சுமுகமா நடந்ததுன்னு நினைச்சிராதீங்க. முதல் வாரமே சண்டை. பிள்ளை இல்லாதவங்க "நாங்க எதுக்கு?"ன்னாங்க. நாலு பிள்ளை வச்சிருக்கிறவ ஒரு மணி நேரம், ஒண்ணு வச்சிருக்கிறவளும் ஒரு மணி நேரமான்னு ஒரு வழக்கு. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் சரியான தீர்ப்பு கிடைக்கலை, ஒவ்வொரு சித்திரையும் அந்த வழக்கு மறுபடி வரும். ஆம்பிளைங்க சிரிச்சாங்க. "கடக்கரையிலே பால்வாடி திறந்துட்டாளுக"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் சிரிக்கலை. மூணாம் நாள் வந்து, யார்கிட்டேயும் ஒண்ணும் சொல்லாம, என் கழுத்திலே இருந்த விசிலைக் கழட்டித் தன் கழுத்திலே போட்டுக்கிட்டு எந்திரிச்சுத் தண்ணியோரம் போய் நின்னார். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. இப்போ மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஆம்பிளைங்க முறை. அந்த நேரத்திலேதான் நாங்க கூட்டம் போடுறோம், கருவாட்டைப் புரட்டுறோம். ஒண்ணுமில்லைன்னா ஒரு அரை மணி நேரம் கண்ணை மூடுறோம். கல்யாணத்துக்கு அப்புறம் நான் மத்தியானம் தூங்கினது அந்த வருஷம்தான் முதல் தடவை.

கூடவே சில வேலை செஞ்சோம். கச்சான் பிடிச்சிட்டா கரையிலே கிடக்கிற தெர்மாகோல் எல்லாம் கவிழ்த்து, கயிறு போட்டுக் கட்டியிருக்கணும். அவிழ்த்தவர் திரும்பக் கட்டணும். கொட்டகைத் தூண்லே ஒரு நீளக் கயிறும், அதன் நுனியிலே மூடி இறுக்கின காலி அஞ்சு லிட்டர் கேனும் எப்பவும் தொங்கும். முங்குற பிள்ளைக்கு அதை வீசினாப் பிடிச்சுக்கலாம். நீந்தத் தெரியாதவங்களும் கரையிலே நின்னு இழுக்கலாம்.

சுகாதார நிலையத்துக் கிராமச் செவிலியர் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு நாள் கேட்டோம். அவங்க சொன்னதிலே சிலது எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. முங்கின பிள்ளையைக் காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கிச் சுத்துறதும், வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கிறதும் எங்க ஊர்லே பெரிய வைத்தியம். அதைச் செய்யவே கூடாதாம். மூச்சு இல்லைன்னா உடனே மல்லாக்கப் படுக்கவச்சு, வாயோட வாய் வச்சு ஊதணும், நெஞ்சை அமுக்கணும், ஒருத்தர் 108-க்குப் போன் போடணும். முங்கி எந்திரிச்ச பிள்ளை நல்லா இருக்கிற மாதிரித் தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரியிலே காட்டிடணும். இன்னொண்ணும் சொன்னாங்க. முங்குற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமே இல்லாம உள்ளே போயிரும். அதனாலே காதை நம்பக் கூடாது, கண்ணு அங்கேயே இருக்கணும்.

கோடையிலே சொறிமீன் வரும். பட்டால் மணலை அள்ளித் தேய்ப்போம். அது தப்பு, இன்னும் விஷம் இறங்கும். கடல் தண்ணியாலேயே கழுவி, ஒட்டியிருக்கிறதைக் கை படாம எடுத்துட்டு, வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தா ஓடணும். வயித்துப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லைன்னா, காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணியிலே மட்டமா ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. எங்க ஊத்துத் தண்ணி உப்புக் கரிக்கிற நாள்லே அதிலே கரைக்கக் கூடாது, குழாய்த் தண்ணியிலேதான். இந்த ஆறு, அரைங்கிற கணக்கை எங்க அப்பத்தாவுக்கும் மனப்பாடம் பண்ண வச்சிட்டோம்.

எங்க ஊர்லே இதுக்கு அப்புறம் ஒண்ணும் நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒரு பையன் சிப்பியிலே காலைக் கிழிச்சு ஆறு தையல். ஒரு தடவை எண்ணினப்போ ஒரு தலை குறைஞ்சு ஊரே தேடினோம். பையன் படகுக்குள்ளே ஏறித் தூங்கிக்கிட்டு இருந்தான். அந்த ஒரு மணி நேரத்திலே எனக்குப் பழைய நாள் எல்லாம் திரும்பி வந்துருச்சு. ஆனா அன்னிக்கு யாரும் "அவ எங்கே போனா?"ன்னு கேக்கலை. "விசில் யார் கையிலே?"ன்னுதான் கேட்டாங்க. விசில் என் கொழுந்தன் கையிலே இருந்தது. அவன்தான் முதல்லே ஓடினான்.

மகனுக்கு இப்போ பதினாலு வயசு. இந்த வருஷம் முதல் முறையா அவனுக்கும் ஒரு மணி நேரம் முறை கொடுத்திருக்கு. சின்னவ பதினொண்ணு. அந்தப் படகு ஓட்டின கதையை அவ கூட்டாளிக கிட்டே பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுறா. ஒவ்வொரு தடவையும் தூரம் கூடிக்கிட்டே போகுது. போன வாரம் இலங்கைக்குப் பக்கத்திலே போயிட்டா.

நான் இங்கே வரும்போது எங்க வீட்டுக்காரர்தான் பேருந்து நிறுத்தம் வரை வந்து விட்டார். "நாலு மணிக்குள்ளே வந்துருவியா?"ன்னார். "என்ன அவசரம்?"னேன். "அதுவரைக்கும்தான் என் முறை. அப்புறம் வாங்கிக்க ஆள் இல்லைன்னா நான் எந்திரிக்க முடியாதுல்ல"ன்னார். இப்போ மணி மூணாகப் போகுது. தலைவி அக்கா கோவிச்சுக்காம இருந்தா, சாப்பாட்டுக்கு நிக்காம நான் மூணேகால் பஸ்ஸைப் பிடிச்சிடுறேன். என் இலையைப் பின்னாலே நிக்கிற கைப்பிள்ளைக்காரங்க யாருக்காவது போட்டுருங்க.